அன்னியர் தங்கும் இடம்

கேள்வி: 'மருத்துவமனை' என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது, உங்கள் இதழில் 'ஆஸ்பத்திரி' என்றே அச்சிடுகிறீர்களே. அன்னியச் சொல்லுக்கு ஏன் இப்படி இடம் கொடுக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மருத்துவமனை நல்ல சொல்தான். ஆனால் நடுராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் ஏறினால் நீங்களும் நானும் ஆட்டோக்காரரிடம் "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றுதான் சொல்வோம். வாயில் ஊறிப்போன சொல்லை அச்சிலிருந்து மட்டும் துரத்த எனக்கு மனமில்லை.

சரி, அது இருக்கட்டும். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'அன்னிய' என்ற சொல். அதுவே வடமொழியிலிருந்து வந்ததுதான். அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரியின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் உட்கார்ந்திருப்பவர் ஓர் அன்னியர்!

லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்றால் எதிரி. ஆங்கிலத்தில் பகைமையைக் குறிக்கும் 'ஹோஸ்டைல்' அதன் பிள்ளை. ஆனால் அந்தச் சொல் பிறவியிலேயே எதிரி இல்லை. கி.மு. 44இல் தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' நூலில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைச் சொல்கிறார்: முன்னோர் காலத்தில் ஹோஸ்டிஸ் என்றால் வெளிநாட்டான் என்றுதான் பொருளாம். சான்றுக்கு ரோமின் பழைய பன்னிரண்டு பலகைச் சட்டத்தை எடுத்துக்காட்டுகிறார். இதே வேரிலிருந்து ஜெர்மனில் 'காஸ்ட்', ஆங்கிலத்தில் 'கெஸ்ட்', ரஷ்யனில் 'கோஸ்த்' வந்தன. மூன்றுக்கும் விருந்தாளி என்று பொருள். வாசலில் வந்து நின்றவர் ஒருவர்தான். ஒரு வீட்டில் அவருக்கு இலை போட்டார்கள், இன்னொரு வீட்டில் கத்தியை எடுத்தார்கள்.

ரோமர்கள் விருந்தாளிக்கு 'ஹோஸ்பெஸ்' என்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். அதன் முன்பாதி அதே அன்னியன். பின்பாதிக்குத் தலைவன் என்று பொருள். வடமொழியில் நமக்குத் தெரிந்த 'பதி' அதன் உடன்பிறப்பு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், உபசரிப்பவரும் உபசரிக்கப்படுபவரும் இருவருமே ஹோஸ்பெஸ்தான். இன்றைக்கும் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இருவருக்கும் ஒரே சொல் போதும். யார் சோறு போட்டார், யார் சாப்பிட்டார் என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து புரிந்துகொள்கிறார்கள்.

விருந்தாளி தங்கும் இடம் 'ஹோஸ்பிடாலே'. ஹாஸ்பிடல் இப்படித்தான் பிறந்தது. அங்கே முதலில் வந்தவர்கள் யாத்திரிகர்கள், ஏழைகள், முதியவர்கள், அநாதைக் குழந்தைகள், அவர்களோடு நோயாளிகளும். 1552இல் லண்டனில் தொடங்கிய 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' இன்றுவரை ஒரு பள்ளிக்கூடம். 1682இல் இரண்டாம் சார்லஸ் நிறுவிய 'செல்சி ராயல் ஹாஸ்பிடல்' வயதான படைவீரர்களின் இல்லம். அதே சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து 'ஓஸ்டெல்' ஆனது, பிறகு எஸ் உதிர்ந்து 'ஓட்டெல்' ஆனது. உதிர்ந்த எஸ்ஸின் ஞாபகமாக ஓ எழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி வைத்து எழுதுகிறார்கள். தேயாத வடிவம் ஹாஸ்டல், தேய்ந்தது ஹோட்டல். பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் போன் நகரில் 1443இல் நிக்கோலா ரோலன் என்ற அமைச்சர் ஏழை நோயாளிகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரிக்கு 'ஓட்டெல்-தியூ' என்று பெயர். கடவுளின் விடுதி! இப்போது அது அருங்காட்சியகம்.

இதைப் படித்ததும் 'ஹோஸ்பெஸ் என்பது நம் ஓம்பு என்பதன் திரிபு' என்று எனக்குக் கடிதங்கள் வரும். பல வருடங்களாக இந்தப் பக்கத்தில் நான் விடாமல் போடும் சண்டை இது. காதுக்கு ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. வழி காட்ட வேண்டும். இஞ்சிக்கு அந்த வழி இருக்கிறது: பாலி மொழியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், லத்தீனில் ஸிங்கிபெர், ஆங்கிலத்தில் ஜிஞ்சர். ஒவ்வொரு படியும் ஏட்டில் கிடக்கிறது. அதைச் சொல்லிப் பெருமைப்படுங்கள், நானும் கூட வருகிறேன். ஓம்பலை விட்டுவிடுங்கள்.

நம் 'விருந்து' யாரிடமும் கடன் வாங்காமலே அதே இடத்துக்கு வந்த சொல். தொல்காப்பியத்தில் அதற்குப் பொருள் புதுமை. பிறகு புதிதாக வந்தவர், அப்புறம்தான் அவருக்குப் போடும் சாப்பாடு. 'விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று' என்ற குறளில் வெளியே காத்திருப்பது ஆள், பாயசம் இல்லை. எதுகைக்காக வந்தாலும், அங்கே விருந்துக்குப் பக்கத்தில் மருந்து வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

என் அம்மாவோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு ராத்திரி இருந்திருக்கிறேன். சேர்க்கும் கவுண்டரில் நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அட்வான்ஸ் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். கூட இருப்பவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்தோம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. மூன்றாவது நாள், அடுத்த படுக்கை நோயாளியின் மனைவி, முன்பின் தெரியாதவர், "நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே தம்பி" என்று தன் பிளாஸ்கிலிருந்து பாதிக் கஞ்சியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் நான் அவருக்கு இட்லி வாங்கி வந்தேன். நாங்கள் இருவருமே அங்கே ஹோஸ்பெஸ்தான்.

பெயர்ப்பலகையில் மருத்துவமனை என்று இருந்தால் அப்படியே அச்சிடுகிறோம். மற்ற இடங்களில் ஆஸ்பத்திரி இருந்துவிட்டுப் போகட்டும்.