உளவுத்துறையில் தகவல் திரட்டித் தொகுக்கும் வேலைக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். முடித்திருக்கிறாராம். உளவுப் பிரிவில் தகவல் சேகரித்துக் கோத்து வைக்கும் வேலைக்குப் போக ஆசை. அதற்கு ஐ.டி.ஐ. மாதிரி தொழிற்பயிற்சி ஏதாவது உண்டா, ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிலையத்தில் சேரலாமா என்பது அவர் கேள்வி.

பின்னால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். என் தங்கை மகன் இப்படி ஒரு இடத்தில் 18,000 ரூபாய் கட்டினான். கிடைத்தது ஜெராக்ஸ் போட்ட நாற்பது பக்கமும் ஒரு பிளாஸ்டிக் அட்டையும். அட்டையில் மூன்று சிங்கம் வேறு. அரசு முத்திரையைக் கண்ட கண்டவர்களெல்லாம் அச்சடிக்கக் கூடாது என்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு எங்காவது காட்டியிருந்தால் பையன் உள்ளே போயிருப்பான். வாங்கி அடுப்பில் போட்டேன். பணம் போனது போனதுதான்.

நான் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினொரு வருடம் செட்டிநாட்டு ஊர்களில், உளவு வேலை பார்க்கும் தனிப்பிரிவில் ஏட்டாக இருந்தேன். ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருப்போம், ஆனால் ரிப்போர்ட் நேராக மாவட்ட எஸ்.பி. ஆபீஸுக்குப் போகும். திருவிழா, மஞ்சுவிரட்டு, குடிதண்ணீர்த் தகராறு, யார் எங்கே கூட்டம் போடுகிறார்கள், பாஸ்போர்ட் விசாரணை, இவ்வளவுதான் அன்றாடம். சினிமாவில் வரும் கறுப்புக் கண்ணாடியெல்லாம் கிடையாது. ஒரு டி.வி.எஸ். ஃபிப்டியும் ஒரு நோட்டும்தான்.

வெளியே இருப்பவர்களுக்கென்று நம் ஊரில் இதற்குத் தொழிற்பயிற்சி கிடையாது. முதலில் ஆளை எடுப்பார்கள், பயிற்சி அப்புறம். மத்திய உளவுத்துறையான ஐ.பி.க்கு உள்துறை அமைச்சகம் அறிவிப்பு விடும். செக்யூரிட்டி அசிஸ்டென்ட் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஏ.சி.ஐ.ஓ. என்கிற உதவி உளவு அதிகாரி வேலைக்கு டிகிரி வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக 18 முதல் 27 வயதுக்குள். பொய் அறிவிப்புகள் நிறைய சுற்றுவதால் அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மாநிலக் காவல்துறையில் யாரையும் எடுத்தவுடன் தனிப்பிரிவில் போடுவதில்லை. காவலராகவோ எஸ்.ஐ. ஆகவோ சேர்ந்து, சில வருடம் ஸ்டேஷனில் தேய்ந்த பிறகுதான். ராணுவத்துக்குப் புனேயில் உளவுப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அது சீருடை போட்டவர்களுக்கு. காந்திநகரில் 2020-ல் ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம் வந்திருக்கிறது. அங்கே பட்டம் படிக்கலாம், ஆனால் பட்டம் வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. பிரிட்டனில் இதையே நான்காம் நிலை அப்ரென்டிஸ் பயிற்சியாக, சம்பளத்தோடு கற்றுத்தருகிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த மாதிரிப் பயிற்சிகளில் என்ன கற்றுத்தருகிறார்களோ அதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே பழகலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தனிப்பிரிவுக்கு வந்த புதிதில் நான் பட்ட அவமானம் ஒன்று. ஒரு ஊரில் தண்ணீர் வரவில்லை. டீக்கடைக்காரர் சொன்னார், “நாளைக்குப் பத்து மணிக்குக் காலிக்குடத்தோட ரோட்டுல உக்காரப் போறாங்க ஏட்டய்யா.” சலூனில் ஒருவர் அதையே சொன்னார். பால் சொசைட்டியிலும் அதே பேச்சு. மூன்று பேர் சொன்னால் போதாதா? ‘நாளை காலை 10 மணிக்கு மறியல் நடைபெறும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு வேன் போலீஸ் வந்து இறங்கியது. ரோட்டில் இரண்டு ஆடுதான் நின்றன. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். திட்டவில்லை. “மூணு பேரு சொன்னாங்கங்கறியே, அந்த மூணு பேருக்கும் யாருய்யா சொன்னது?” என்று மட்டும் கேட்டார். திரும்பிப் போய் விசாரித்தேன். மூன்று பேருக்கும் சொன்னது ஒரே ஆள். பஞ்சாயத்துத் தலைவர் மேல் கடுப்பில் இருந்த ஒருவர், கோபத்தில் விட்ட வார்த்தை அது. எனக்கு மூன்று வாயாகத் தெரிந்தது உண்மையில் ஒரு வாய்.

சொல்கிறவரையும் சொன்ன செய்தியையும் தனித்தனியாக எடை போட ஒரு முறை இருக்கிறது. நேட்டோ நாடுகளின் ராணுவத்தில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து, செய்திக்கு 1 முதல் 6 வரை எண். முழுக்க நம்பத்தகுந்தவர் என்றால் ஏ. வேறு வழிகளிலும் உறுதியான செய்தி என்றால் 1. எஃப்-க்கு மோசமான ஆள் என்று அர்த்தமில்லை, இன்னும் எடை போட முடியவில்லை என்று அர்த்தம். 6-ம் அப்படியே. எப்போதும் நிஜமே பேசுகிற மனிதர் ஒருநாள் தப்பான செய்தியைக் கொண்டுவரலாம், புளுகனும் ஒருநாள் நிஜத்தைச் சொல்லலாம். அதனால்தான் இரண்டு மதிப்பெண். இது தெரிந்திருந்தால் என் மறியல் செய்திக்கு எஃப் 6 போட்டுவிட்டு, இன்னொரு நடை போய் வந்திருப்பேன்.

சரி, இதெல்லாம் திரட்டும் பக்கம். நிறைய பேர் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் ஆள் தேறுவதும் தோற்பதும் தொகுக்கும் பக்கத்தில்தான். நீங்கள் பி.காம். என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

எங்க அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அன்றன்று நடந்த வரவு செலவு, நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து, அதை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் பதிவார். சிட்டையில் நாள்தான் தலைப்பு, பேரேட்டில் ஆள்தான் தலைப்பு. சிட்டையைப் புரட்டினால் பொழுது போனது தெரியும். பேரேட்டைப் புரட்டினால் யார் தவணை தள்ளுகிறார், யார் நொடியப் போகிறார் என்று தெரியும். தனிப்பிரிவில் நான் செய்ததும் இதேதான். என் நோட்டு சிட்டை. ஊர்வாரி, ஆள்வாரி, பிரச்சினைவாரியாக நான் வைத்திருந்த ஃபைல் பேரேடு. பெரிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டரில் நடப்பதும் அடிப்படையில் இந்தப் பதிவுதான்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி, செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேருவார்கள். கடையைப் பெருக்கி, பெட்டியடியில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கியே அடுத்தாள் என்கிற உதவியாளாகி, பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர்வார்கள். அங்கிருந்து ஊருக்கு வரும் கடிதத்தில் நெல் விலை, மழை, எந்தக் கடை ஆட்டம் காண்கிறது என்று எல்லாம் இருக்கும். நல்ல தொழிற்பயிற்சி என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான் ஞாபகம் வரும். (இவ்வளவு தெரிந்திருந்தும் செட்டியார்கள் 1930-களின் பொருளாதார மந்தத்தில் சிக்கிக்கொண்டார்கள். கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்து சேர்ந்து, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு அவர்கள் கையில் நின்றது. அப்புறம் யுத்தம் வந்து எல்லாம் போயிற்று. செய்தி கையில் இருப்பது வேறு, தப்பிப்பது வேறு.)

பேரேடு போடுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நடந்த கதை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஒரு சமயம் இந்த வீடுகளில் பித்தளை அண்டா, மரச் சாமான், தேக்கு நிலைக்கதவு என்று அடுத்தடுத்துக் களவு போனது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் எந்த ஸ்டேஷனுக்கும் முழுக் கணக்கு தெரியாது. எஃப்.ஐ.ஆர். தேதிகளை மட்டும் ஒரு அதிகாரி அடுக்கிப் பார்த்தார். தை மாதத்தில் ஒரு குவியல், பங்குனி வாக்கில் ஒரு குவியல். “திருவிழாச் சமயத்துல வெளியூர்க்காரன் வந்து அடிக்கிறான்” என்று முடிவு கட்டி, தையில் ராத்திரி ரோந்தைக் கூட்டினார்கள். ஒருவனும் சிக்கவில்லை.

எனக்கு ஒரு உறுத்தல். பொங்கலுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும், கல்யாணத்துக்கும்தானே சொந்தக்காரர்களே வந்து வீட்டைத் திறக்கிறார்கள்? எஃப்.ஐ.ஆர். தேதி, பூட்டைத் திறந்து பார்த்த தேதியாயிற்றே. களவு போன தேதி அதுவல்லவே.

வீட்டுக்கு ஒரு தாள் போட்டேன். ஒரு பக்கம் ‘சாமான் இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நாள்’, எதிர்ப் பக்கம் ‘இல்லை என்று தெரிந்த நாள்’. முதல் தேதிக்காக அலைந்ததுதான் பெரிய வேலை. வீடு கூட்டும் அம்மா, வெள்ளையடித்தவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் என்று கேட்டுக் கேட்டு இடைவெளியைச் சுருக்கினேன். சில வீடுகளில் எட்டு மாத இடைவெளி மூன்று வாரமாகச் சுருங்கியது. சில வீடுகளில் ஒன்றும் நகரவில்லை, அவற்றை ஒதுக்கி வைத்தேன். சுருங்கியதையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடு போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து விழுந்தது. அடைமழை. கரண்ட் இருக்காது, ஓட்டில் மழை விழும் சத்தத்தில் நிலையைப் பெயர்த்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. ரோந்தை அந்த மாதங்களுக்கு மாற்றினார்கள். திருடர்களைப் பிடித்தது வேறு போலீஸ்காரர்கள், பேரும் அவர்களுக்கே. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

நோட்டு எழுதுவதில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்றாக மடித்து, பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி, நானாக நினைத்தது ஒரு பத்தி. ‘அவர் குடித்திருந்தார்’ என்று எழுதுகிறோம். பார்த்தது என்ன? தள்ளாடி நடந்தார். சர்க்கரை இறங்கியவரும் தள்ளாடுவார். மூன்றாவது பத்தியில் இருப்பது முதல் பத்திக்குத் தாவிவிட்டால் ஒரு அப்பாவி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டி வரும். சொன்னவர் பெயரை ரிப்போர்ட்டில் எழுதுவதும் கூடாது. எங்கிருந்து தகவல் வந்தது என்று போலீஸ்காரரைச் சொல்ல வைக்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 125-ம் பிரிவே சொன்னது. அந்தக் காப்பை நாமே நோட்டில் உடைத்துவிடக் கூடாது.

தனியார் துப்பறியும் நிறுவனங்களில் சேரலாமா என்றும் கேட்பீர்கள். எனக்கு விருப்பமில்லை. கல்யாணத்துக்கு முன் பையனை விசாரிக்கும் வேலைதான் அதிகம், அதில் யாராவது ஒருவர் போன் கால் பட்டியல் வாங்கித் தரச் சொல்வார். வாங்கினால் கேஸ். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்ட பிறகு, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்வது எதற்கு?

அதைவிட உங்கள் படிப்புக்கு வங்கிப் பக்கம் நல்ல வழி இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றத்தையும், தொகை எவ்வளவானாலும் சந்தேகத்துக்கிடமான பரிமாற்றத்தையும் வங்கிகள் டெல்லியில் உள்ள நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2004-ல் அமைத்த பிரிவு அது. அந்த ரிப்போர்ட் போவதற்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒரே ஆளுடையதா என்று கோக்கிற வேலைக்கு வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளும் பி.காம். படித்தவர்களை எடுக்கின்றன. 1937-ல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த மண் இது. பேரேடு நமக்கு அந்நியமில்லை.

ஐ.பி. அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊர் வாரச்சந்தைக்குப் பத்து வாரம் தொடர்ந்து, ஒரே நேரத்துக்குப் போங்கள். பத்து வியாபாரிகளை மனதில் வைத்துக்கொண்டு யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், கத்தரிக்காய் என்ன விலை, யார் யாரோடு பேசினார் என்று பாருங்கள். அங்கே எழுதாதீர்கள், வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து மூன்று பத்தியாக எழுதுங்கள். பத்தாவது வாரம் தேதிவாரியாக இருப்பதை ஆள்வாரியாக மாற்றிப் பதியுங்கள். ஒருவர் ஏன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறார், இன்னொருவர் விலை ஏன் மற்றவரைவிட ஒரு வாரம் முன்னதாகவே ஏறுகிறது என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, அப்படியே ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். செக்யூரிட்டி அசிஸ்டென்ட் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் உள்ளூர் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள், ஏ.சி.ஐ.ஓ.வுக்குக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். கத்தரிக்காய்க் கணக்கு இரண்டுக்கும் உதவும்.