மூலங்களைக் கேட்டார்களா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் 12-ஆம் வகுப்பு படிக்கிறேன். பள்ளித் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறேன். பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் மாதிரித் தேர்வில் மட்டும் ஒரு இயற்கணிதக் கணக்குக்கே பத்து நிமிடம் போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: கண்ணு, உனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. நம் ஈரோடு, நாமக்கல் பக்கம் எழுதி எழுதித்தான் பழக்குகிறோம். பொதுத்தேர்வில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அது சரியான பழக்கம்தான். ஜேஇஇ மெயினில் 3 மணி நேரத்தில் 75 கேள்விகள், அதில் கணிதம் 25. அங்கே விடையை மட்டுமே பார்ப்பார்கள். அதனால் கணக்கைத் தொடங்குமுன், என்ன கேட்கிறார்கள் என்று கேள்வியின் கடைசி வரியைப் படி.

க² − 5க − 3 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள். அதை நிறைவு செய்யும் க-வின் இரு மதிப்புகள்தான் அதன் மூலங்கள். இரு மூலங்களின் 10-ஆம் அடுக்குகளைக் கூட்டி வருவது கூ₁₀. கூ₉, கூ₈ என்பவையும் அப்படியே. (கூ₁₀ − 3கூ₈) ÷ கூ₉ எவ்வளவு? மூலங்களைக் காணும் சூத்திரத்தில் போட்டால் √37 வந்து நிற்கும். அதை 10-ஆம் அடுக்குக்கு உயர்த்தப் போனால் பத்து நிமிடமும் போதாது. மூலங்களை யாரும் கேட்கவே இல்லையே! க² = 5க + 3 என்று மாற்றி, இரு பக்கமும் க⁸-ஆல் பெருக்கு: க¹⁰ = 5க⁹ + 3க⁸. இரண்டு மூலங்களுக்கும் இது பொருந்தும். கூட்டினால் கூ₁₀ − 3கூ₈ = 5கூ₉. விடை 5. இரண்டே வரி.

வேகம் வந்தபின் இன்னொரு பொறி காத்திருக்கும். √(க + 7) = க − 5 என்பதன் தீர்வுகளின் கூடுதல் கேட்டால், வர்க்கப்படுத்தி க² − 11க + 18 = 0 என்று கண்டு, 11 எனக் குறித்துவிடத் தோன்றும். 2-ஐப் போட்டுப் பார்: இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. அது தீர்வே இல்லை, 9 மட்டும்தான். வர்க்கப்படுத்திய இடத்திலெல்லாம் விடையைப் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும்.

புதிய புத்தகம் வாங்க ஓடாதே. உன் 12-ஆம் வகுப்பு ‘சமன்பாட்டியல்’ பாடத்தில் ஏற்கெனவே போட்ட கணக்குகளையே எடு. மூலங்களைக் கண்டுபிடிக்காமல், கூடுதல், பெருக்கற்பலனை மட்டும் வைத்து எதையெல்லாம் முடிக்கலாம் என்று பார். தேர்வில் ஒரு நிமிடத்துக்குள் வழி தெரியவில்லையென்றால் குறித்து வைத்துவிட்டு நகர்ந்துவிடு.

விண்ணப்பிக்கும்போதே தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடு. ஆங்கிலமும் கூடவே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. அதனால் கணிதச் சொற்களின் ஆங்கிலப் பெயர்களை இப்போதே நோட்டில் எழுதிப் பழகிக்கொள்.