2019 மார்ச் சம்பவத்துக்கு போக்சோ 6-ல் 20 வருடமா?

2019 மார்ச்சில் நடந்த சம்பவத்துக்கு உங்கள் உறவினருக்குப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) பிரிவு 6-ல் 20 வருடத் தண்டனை விதித்தது சரியா என்று கேட்டிருந்தீர்கள். குறைந்தபட்சம் 20 வருடம் என்பது அவர் வழக்குக்குப் பொருந்தாது. குறைந்தபட்சத்தை 20 ஆக்கிய திருத்தம் 16.8.2019-ல்தான் அமலுக்கு வந்தது. மார்ச்சில் நடந்ததற்குப் பழைய பிரிவு 6: குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் ஆயுள். தீர்ப்புத் தேதி அல்ல, குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. அரசியலமைப்புச் சட்டம் 20(1) சொல்வது இதைத்தான்.

தற்போதைய சட்டப் புத்தகத்தைப் பார்த்தே தண்டனை எழுதியிருக்கலாம். தீர்ப்பில் தண்டனைப் பகுதியைப் படியுங்கள். "இதற்குக் குறைக்க அதிகாரமில்லை" என்ற தொனி இருந்தால் மேல்முறையீட்டில் அதையே முதல் காரணமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்துக்குக் கெடு 60 நாள்.

குற்றப்பத்திரிகையில் உள்ள காலத்தையும் பாருங்கள். "மார்ச் முதல் அக்டோபர் வரை" என்று தொடர் குற்றமாக இருந்து, ஆகஸ்டுக்குப் பிந்தைய சம்பவமும் நிரூபணமாகியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

இன்னொரு சிக்கல், பலர் கோட்டைவிடுவது: பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குட்பட்ட சிறுமி, இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 376(3)-லும் (16 வயதுக்குட்பட்ட பெண் மீதான பாலியல் வன்புணர்வு) தண்டனை என்றால், அங்கே 20 வருடக் குறைந்தபட்சம் 21.4.2018 முதலே உண்டு. போக்சோ 42-ன்படி இரண்டில் கடுமையானதே நிற்கும்.

பழைய பிரிவிலும் நீதிபதி விரும்பினால் 20 வருடம் கொடுக்கலாம். ஆகவே வாதத்தில் ஜெயித்தாலும் 10-க்கு இறங்கும் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள். பிரிவு 6-ல் குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கும்வரை உயர் நீதிமன்றம் 10-க்குக் கீழே குறைக்க முடியாது.