பிளாஸ்டிக் குப்பை ஏன் சீக்கிரம் மட்குவதில்லை?

வாழை இலை சில வாரங்களில் மண்ணாகிவிடுகிறது, பக்கத்திலேயே கிடக்கும் கேரி பேக் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மட்குவது என்றால் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்று தீர்ப்பது. அவை நொதிகளை வெளியே சுரந்து, உணவைத் துண்டு துண்டாக வெட்டி, அப்புறம்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். இலையில் இருக்கும் செல்லுலோஸும் நீளமான சங்கிலிதான். ஆனால் அதன் கண்ணிகளை ஆக்சிஜன் அணுக்கள் இணைக்கின்றன. அந்த இணைப்பை வெட்டும் நொதிகள் மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. கேரி பேக் செய்யப்படும் பாலிஎத்திலீனிலோ ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் நேரடியாகக் கைகோத்து நிற்கின்றன. நொதி பிடித்து வெட்ட அதில் இடமே இல்லை. தண்ணீரும் ஒட்டாது. போதாக்குறைக்கு, இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே 1933-இல்தான். நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள இந்தக் காலம் எந்த மூலைக்கு?

சரி, மொட்டை மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் குடம் நொறுங்குகிறதே என்பீர்கள். உண்மைதான். வெயிலில் சாயம் வெளுத்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கையோடு பெயர்ந்து வரும். அது புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலியை அறுக்கும் வேலை. ஆனால் அந்தப் பொடியும் பிளாஸ்டிக்தான். மழையில் அடித்துக்கொண்டு போய் ஏரியிலும் கடலிலும் சேர்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கண்ணுக்குத் தெரிகிற குப்பையையாவது பொறுக்கி எடுக்கலாம், பொடியை என்ன செய்வது?

மண்ணுக்கடியில் அந்த வெயிலும் கிடையாது. தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைக்கும் பழைய பால் கவரைப் பாருங்கள், எழுத்துகூட அழியாமல் இருக்கும். கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளின் அடியில் ஆக்சிஜனும் குறைவு.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கொஞ்சம் வேறு. அதன் சங்கிலியில் நொதி வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் உண்டு. ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்திலிருந்து பெட்டைத் தின்னும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்து 2016-இல் அறிவித்தார்கள். 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய பெட் தாளைத் தின்று முடிக்க அதற்கு ஆறு வாரம் ஆனது. பாட்டிலில் மூலக்கூறுகள் இன்னும் இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அங்கே இந்த வேகம் வராது.

'பிளாஸ்டிக் பாட்டில் 450 ஆண்டில் மட்கும்' என்று சொல்வதெல்லாம் கணிப்புதான், யாரும் இருந்து பார்த்ததில்லை. 'மட்கும் பை' என்று எழுதியிருந்தாலும் விசாரித்து வாங்குங்கள். பிஎல்ஏ (சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வகைப் பை மட்குவதற்கு உர ஆலையில் இருப்பதுபோல 60 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். வாய்க்காலில் விழுந்தால் அதுவும் நெடுநாள் அப்படியேதான் கிடக்கும்.