பாறையில் படிந்த பச்சை: கடற்பாசிக் கேள்வி பதில்

வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த பச்சைப் பாசிப் படம் ஒன்றைப் போன கிழமை போட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை, மனம் நிறைந்து போனது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் பின்னேரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடற்கரையோரம் நடக்கிறனாங்கள். மாசியில் காய்ந்து கறுத்துக் கிடந்த பாறைகள் ஆனி வந்ததும் பச்சைப் பசேலென்று ஆகிவிடுகின்றன. கால்வாயில் வாற ஊத்தைத் தண்ணிதான் காரணமோ? (வெள்ளவத்தை)

ஊத்தைத் தண்ணிக்கும் பங்கு உண்டு. ஆனால் முதற் காரணம் அலை. கொழும்பில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் பாறையின் மேற்பகுதி நனைவதும் காய்வதும் அலை எவ்வளவு உயரத்துக்கு அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தூவானம் உச்சிவரை தெறிக்கும், வெயிலும் மட்டு. பாசி மேலே ஏறிவிடும். காற்று அடங்கி வெயில் ஏறினால் அந்த உச்சிப் பச்சை வெளிறிக் கருகிவிடும்.

ஒரு துண்டைக் கிள்ளி, ஈரத்தோடு விரல் நுனியில் ஒட்டிப் பாருங்கள். சல்லாத் துணிக்குள்ளால் பார்ப்பதுபோல உங்கள் கைரேகை தெரியும். அது உல்வா. அதன் தகடு முழுவதும் இரண்டே கல அடுக்குத் தடிப்பு. இலையும் இல்லை, தண்டும் இல்லை, சத்தை உறிஞ்ச வேரும் இல்லை. ஒவ்வொரு கலமும் நேராகக் கடல்நீரைத் தொட்டுக்கொண்டு தன் சாப்பாட்டைத் தானே எடுக்கிறது. கால்வாய் கொண்டுவரும் நைத்திரேற்றும் அமோனியாவும் வந்த கையோடு உள்ளே போய்விடுவது அதனால்தான். கால்வாய் வாய்க்குக் கிட்டப் போனால் தகடு குறைந்து, மெல்லிய பச்சைக் குழல்கள் கூடுவதைக் காண்பீர்கள். அவையும் உல்வாதான். உப்பு குறைந்த தண்ணீரையும் தாங்குகிற வகைகள்.

அப்படியே கடலைப் பார்த்திருக்கும் வெளிப்பாறைக்கு ஒருநாள் கவனமாகப் போய்ப் பாருங்கள். அலை வந்து உடையும் இடத்தில் தூரிகை மயிர் போலக் கடும் பச்சைக் குஞ்சங்கள் நிற்கும். அது கீட்டோமோர்பா. ஓர் இழையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், கோத்த மணிபோலக் கலம் கலமாக வெறுங்கண்ணுக்கே தெரியும். நுணுக்குக்காட்டி இல்லாமல் பிள்ளைகளுக்குக் கலம் காட்ட இதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை.

தூண்டில் போடப் போய் இரண்டு தரம் வழுக்கி விழுந்திட்டன். எந்தப் பாசியில் கால் வைக்கலாம்? (பம்பலப்பிட்டி)

எதிலும் வைக்காதீர்கள் அண்ணா. பச்சையைக் கண்டால் நீங்களே விலகி நடப்பீர்கள். அதைவிட ஆபத்து, வெறும் பாறைபோலத் தெரியும் இடத்தில் படிந்திருக்கும் மெல்லிய நுண்பாசிப் படலம்.

மிஸ், நான் ஏ.எல். உயிரியல் படிக்கிறேன். உல்வா, ஜெலிடியம், சர்காசம் மூன்றையும் புரொட்டிஸ்டா இராச்சியத்தில்தான் படித்தோம். இணையத்தில் பார்த்தால் உல்வா தாவரம் என்கிறார்கள். எது சரி? (கொட்டாஞ்சேனை)

பரீட்சைக்குப் பாடத்திட்டத்தில் உள்ளதையே எழுதுங்கள் மகள். விளங்கிக்கொள்வதற்கு இதைப் படியுங்கள்.

1836இல் அயர்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஹென்றி ஹார்வி கடற்பாசிகளைப் பிரித்தபோது நிறத்தைப் பெரிய அளவுகோலாக வைத்தார். பச்சை, சிவப்பு, கபிலம் என்ற பிரிப்பு அங்கிருந்துதான் வேரூன்றியது. அவர் பிறகு 1853இல் தொடங்கிய நீண்ட கடற்பயணத்தில் நம் இலங்கைக் கரையிலும் பாசி சேகரித்தவர். அந்த நிறப் பிரிப்பு பெருமளவு நிலைத்துவிட்டது, ஆனால் நிறங்களுக்கு இடையிலான உறவு நாம் நினைத்ததுபோல இல்லை. பச்சைப் பாசியில் குளோரபில் ஏயும் பீயும் உண்டு. மாப்பொருளைப் பச்சையவுருமணிக்கு (கலத்துக்குள் வெளிச்சத்தால் சாப்பாடு தயாரிக்கும் பச்சை மணிக்கு) உள்ளேயே சேமிக்கிறது. உங்கள் வீட்டு வல்லாரையும் அதையேதான் செய்கிறது. சிவப்புப் பாசியான ஜெலிடியம் பச்சைப் பாசிக்குச் சற்றுத் தூரத்துச் சொந்தம். கபிலப் பாசியான சர்காசமோ முற்றிலும் வேறு குடும்பம்: அதன் முன்னோர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி வைத்துக்கொண்டு ஒளித்தொகுப்பைப் பெற்றவர்கள். மூன்றையும் ஒரே பெட்டியில் போடுவது படிப்பிக்க வசதி, அவ்வளவுதான்.

ஆனால் உல்வாவிலிருந்துதான் மரஞ்செடி வந்தது என்று எழுதிவிடாதீர்கள். தரைத் தாவரங்களின் கிளை, நன்னீரில் வாழும் காரோபைற்றுப் பாசிகளின் பக்கத்திலிருந்து வந்தது. உல்வா தாவரங்களுக்குப் பாட்டி இல்லை, ஒன்றுவிட்ட சகோதரி.

பச்சைப் பாசிகளுக்கு உள்ளேயும் உருவம் ஏமாற்றும். தகடாக இருந்தால் உல்வா, குழலாக இருந்தால் என்ட்டரோமோர்பா என்று நெடுங்காலம் இரண்டு சாதியாக (பேரினமாக) வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் கலந்து கிடந்தன. 2003இல் ஒன்றாக்கினார்கள். உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இலேயே அவற்றை உல்வா என்ற ஒரே பெயரின் கீழ்தான் வைத்திருந்தார். அந்தத் தகடும் பாசி தனித்துக் கட்டியது இல்லை: உரிய பற்றீரியாக்களை நீக்கிவிட்டு வளர்த்தால் ஒழுங்கான தகடு வராது, உருவமில்லாத கலக்கூட்டமாகத்தான் வரும்.

சந்ததிப் பரிவிருத்தியில், அதாவது ஒருமடியச் சந்ததியும் (நிறமூர்த்தம் ஒரு தொகுதி) இருமடியச் சந்ததியும் (இரண்டு தொகுதி) மாறி மாறி வருவதில், ஒன்றை மறக்காதீர்கள். உல்வாவின் ஒருமடியச் செடியும் இருமடியச் செடியும் பார்வைக்கு ஒரே அச்சு. அவை விடும் கலங்கள்தான் காட்டிக்கொடுக்கும்: கூடிச் சேரும் புணரிக்கு இரண்டு சவுக்குமுளை (நீந்த உதவும் வால்), கூடாமலே வளரும் வித்திக்கு நான்கு.

நோன்பு திறக்க நாங்க செய்ற கடப்பாசியும் இந்தப் பச்சையும் ஒண்டா? பாறையில உள்ளதப் பறிச்சுச் சாப்பிடேலுமா? (மருதானை)

ஒன்றில்லை தாத்தா. உங்கள் கடப்பாசி இறுகுவது அகரால். அது சிவப்புப் பாசிகளின் கலச்சுவரிலிருந்து வருகிறது. பச்சைப் பாசியை எவ்வளவு காய்ச்சினாலும் அப்படி இறுகாது. உல்வாவை ஜப்பானில் சாப்பிடுகிறார்கள், அது சுத்தமான தண்ணீரில் வளர்ந்தது. நம் நகரக் கரையில் உள்ளதைச் சாப்பிட வேண்டாம். சத்தை உறிஞ்சும் அதே வேகத்தில் ஈயம், செம்பு போன்ற உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

என் உப்புத்தண்ணி மீன்தொட்டியில் பச்சைக் கண்ணாடிக் குண்டுபோல ஒன்று முளைத்திருக்கிறது. குத்தி உடைக்கட்டா? கௌலெர்பா வேறு மண்டிப் போச்சு, பாதியைக் கால்வாயில் விட்டிடலாம் என்று பார்க்கிறேன். (தெஹிவளை)

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள்.

அந்தக் குண்டு வலோனியா. அது முழுவதும் ஒரே கலம். உள்ளே ஒன்றல்ல, ஏராளமான கருக்கள். உடைத்தால் கலவுரு (கலத்துக்குள் இருக்கும் உயிர்ப்பொருள்) சிறு உருண்டைகளாகத் திரண்டு, ஒவ்வொன்றும் சுவர் கட்டிப் புதிய குண்டாகலாம். அடியில் நகத்தைக் கொடுத்து முழுசாகப் பெயர்த்து எடுங்கள்.

கௌலெர்பா இன்னும் பெரிய அதிசயம். ஓடும் கொடி, நிமிர்ந்த இலை, பற்றும் வேர் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும். வெட்டிப் பார்த்தால் குறுக்குச்சுவரே கிடையாது. ஒரு மீற்றரைத் தாண்டி ஓடும் அந்தக் கொடியும் ஒரே கலம்தான். வெட்டினால் காயத்தை உடனே அடைத்துக்கொண்டு, துண்டும் தனியாக வளரும். இனப்பெருக்கம் செய்யும் நாளிலோ உள்ளே இருந்த அத்தனையையும் விடியற்புறத்தில் வெளியே விட்டுவிட்டு, வெள்ளைக் கூடாய் நின்று செத்துப்போகும். தொட்டியில் அப்படி நடந்து தண்ணீர் கலங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

துண்டிலிருந்து வளர்வதால்தான் பயம். 1984இல் மொனாக்கோ கரையில் கௌலெர்பா டாக்ஸிஃபோலியா ஒரு சதுர மீற்றர் அளவில் முதலில் காணப்பட்டது. அப்போது அகற்றியிருந்தால் ஒரு நாள் வேலை. விட்டார்கள், மத்தியதரைக் கடலில் கடற்புல் வெளிகளை மூடிக்கொண்டு பரவியது. 2000இல் அதே வகை கலிபோர்னியாவில் ஒரு களப்பில் தெரிந்ததும், மேலே தார்ப்பாய் விரித்துக் குளோரின் பாய்ச்சினார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. கௌலெர்பாவில் நம் கடலுக்கே உரிய வகைகள் உண்டு, ஆனால் தொட்டியில் உள்ளது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தயவுசெய்து கால்வாய் வேண்டாம்.

ஊரில் கரையொதுங்கும் சாதாளையைத் தோட்டத்துக்குத் தாழ்ப்பம். அதுவும் பாசிதானே? (யாழ்ப்பாணம், இப்போது கொழும்பு 6)

கையில் எடுத்துப் பாருங்கள் ஐயா. நாடாபோல நீண்டு, நரம்போடி, அடியில் முடிச்சு வைத்த வேர்த்தண்டும் இருந்தால் அது கடற்புல். கடலுக்குத் திரும்பிப்போன பூக்கும் தாவரம். வேரும் நரம்பும் இல்லாவிட்டால் பாசி.

ஹிக்கடுவையில் பவளத்துக்கு மேல் காசு காசாகக் கோத்த பச்சைச் செடி ஒன்றைக் கண்டோம். செத்தது வெள்ளையாகக் கிடந்தது. அது என்ன? (கல்கிசை)

ஹலிமேடா. அந்த வெள்ளைக் காசு ஒன்றில் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடுங்கள், நுரைக்கும். அதன் திசுவுக்கு இடையில் கல்சியம் காபனேற்றை அது படிய வைக்கிறது. செத்தபின் காசுகள் உதிர்ந்து வெள்ளை மணலாகின்றன. வெப்பக் கடல்களின் பல வெள்ளைக் கரைகளில் பெரும்பங்கு இந்தப் பாசியின் எலும்புதான்.

புதுக் காசை அது இரவில்தான் விடும், மீன்கள் மேயாத நேரம் பார்த்து. முதலில் வெள்ளை. விடியும்போது பச்சையவுருமணிகள் உள்ளே ஓடிவந்து பச்சையாகும்.

ஆனால் ஹிக்கடுவையில் அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வருவதில்லை. 1998இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறிச் செத்தபின், காலியான இடத்தை ஹலிமேடா பிடித்துக்கொண்டது. குற்றம் பாசியில் இல்லை. பவளம் திரும்பி வர வேண்டுமென்றால் பாசியைப் பிடுங்குவது மட்டும் போதாது. அதை மேயும் கிளிமீன்களைப் பிடிக்காமல் விட வேண்டும், கரையிலிருந்து போகும் கழிவும் குறைய வேண்டும்.

பாசி குவிந்து அழுகினால் மனிதருக்கு ஆபத்தா? (முகத்துவாரம்)

சிறு குவியல் நாறும், அவ்வளவுதான். மலையாகக் குவிந்தால் ஆபத்து. மேலே ஓடு கட்டி, உள்ளே ஒட்சிசன் இல்லாமல் அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு சேரும். பிரான்சின் பிரித்தானி கரையில் 2009இல் அப்படி ஒரு குவியலில் சிக்கிய குதிரை செத்தது. சீனாவில் 2008 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு முன் சிங்தாவ் கடலில் பத்து லட்சம் தொன்னுக்கு மேல் உல்வா அள்ளினார்கள்.

மகன் பாசி சேர்க்க ஆசைப்படுகிறான். எப்படிப் பாதுகாப்பது? (வெள்ளவத்தை)

தட்டையான தாம்பாளத்தில் கடல்நீர் விட்டுப் பாசியை மிதக்க விடுங்கள். தடித்த கடதாசியை அடியால் நுழைத்து, ஈர்க்கால் கிளைகளை விரித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய நைலோன் துணி, அதற்கு மேல் பத்திரிகைத் தாள், அதற்கு மேல் பாரம். தாளைத் தினமும் மாற்றுங்கள். பசை வேண்டாம், பாசி தானாகவே ஒட்டிக்கொள்ளும். மூலையில் இடம், திகதி, பாறையில் எந்த உயரத்தில் எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனை மை ஈரத்தில் ஓடிவிடும்.