டெட்லைன் வந்த வழி

கேள்வி: ஆபீஸில் எதற்கெடுத்தாலும் 'டெட்லைன்' என்கிறார்களே, ஒரு தேதிக்குப் போய் ஏன் இப்படிச் சாவைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அது முதலில் தேதியே இல்லை, நிஜமான எல்லைக்கோடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் தென்மாநிலங்கள் வைத்திருந்த போர்க்கைதி முகாம் 1864 பிப்ரவரியில் திறந்தது. சுற்றிலும் உயரமான மரச்சுவர். அதற்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளி, முளைகள் நட்டு மேலே மரச்சட்டம் அடித்த தாழ்வான வேலி. அதுதான் டெட்லைன். தாண்டினால் காவலர் சுடுவார். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயிலும் பட்டினியிலும். படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் மீதான விசாரணையில் இந்தக் கோடும் குற்றச்சாட்டில் இடம்பெற்றது. 1865 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அப்புறம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள்தான் அமெரிக்காவில் இதை நேரக்கெடுவுக்குப் புழங்கவிட்டார்கள். அச்சு இயந்திரத்தில், எழுத்துகள் தாண்டினால் சரியாகப் பதியாத எல்லைக்கும் அப்போது இதே பெயர்தான்.