ஏலத்தோட்டப் பாதைக்குப் புதிய ‘மஹிந்திரா தார்’ வண்டி சரிவருமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ், இருக்கிறது. போடியிலிருந்து மலைமேல் உள்ள ஏலத்தோட்டத்துக்குப் போய்வரத்தான் அதிகம் எடுப்பேன். புதிய தாருக்கு மாறச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். ஷோரூமில் பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தார்கள், அருமையாக இருந்தது. தோட்டப் பாதைக்கு எப்படி என்றுதான் தெரியவில்லை. எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

பதில்: பைபாஸில் ஓட்டினால் புதியதுதான் ஜெயிக்கும், அதற்கு டெஸ்ட் டிரைவே தேவையில்லை. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி விற்பனைக்கு வந்த இந்த வண்டியில் பழையதிலிருந்து மிஞ்சியது பெயரும் முகஜாடையும்தான். உங்களுடையது 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைசக்தி, ஐந்து கியர். புதியது 2.2 லிட்டர் டீசல், 130 குதிரைசக்தி, ஆறு கியர். டார்க் என்கிற முறுக்குவிசை 247-லிருந்து 300 நியூட்டன் மீட்டருக்கு ஏறியிருக்கிறது. உங்கள் வண்டியில் ஏர்பேக்கும் கிடையாது, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. புதியதற்கு குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. போடிமெட்டு ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இதுவே போதுமான காரணம்.

ஆனால் உங்கள் சந்தேகம் தார்ச்சாலை முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. அதனால் வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால், அடிவாரத்தில் ஏதாவது கரடுமுரடான மண்பாதைக்காவது ஒத்துக்கொள்ள வையுங்கள். உங்கள் பழைய வண்டியையும் கூட எடுத்துப் போங்கள். ஒரே ஏற்றம், ஒரே ஆட்கள், ஒரே டிரைவர். மாற்றி மாற்றி ஓட்டினால்தான் வித்தியாசம் உடம்புக்குப் புரியும்.

ஏறும் முன் ஒரு விஷயம். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் டிரைவுக்கான இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 முதல் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் லேசில் அடையாளம் தெரியாது, விலையும் குறைவு. அதை ஓட்டிப் பார்த்து உங்கள் வேலைக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் சோதனை இறக்கம். வண்டியை நிறுத்தி, அந்த இரண்டாவது லீவரை ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) தள்ளி, முதல் கியரில் செங்குத்தான இடத்தில் விடுங்கள். பிரேக், கிளட்ச் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைப் பழைய வண்டியோடு ஒப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள். கல் நிறைந்த ஏற்றத்தில் கிளட்ச் கருகும் கவலை இல்லை என்பதால் எனக்கு ஆட்டோமேட்டிக் பிடிக்கும். இறக்கத்தில் மட்டும் எஞ்சின் மேனுவல் அளவுக்கு வண்டியை இழுத்துப் பிடிக்காது. கியரை நாமே ஒன்றில் நிறுத்தி, அவ்வப்போது பிரேக்கும் தொட வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும் பள்ளம். உங்கள் 2013 வண்டியில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இல்லை, அது தாருக்கு வந்ததே 2015-ல்தான். இவ்வளவு நாளும் வேகம் கொடுத்து உந்தியோ, கல் வைத்தோதான் இந்த மாதிரி இடத்தில் ஏறியிருப்பீர்கள். புதியதில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் உண்டு, ஆனால் எல்லா வேரியன்ட்டிலும் இல்லை, கேட்டு வாங்குங்கள். அதற்கு சுவிட்ச் கிடையாது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் பெரும்பாலானோர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். சீராக, கொஞ்சமாக மிதித்தபடி இருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், வண்டி அப்படியே மேலேறும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தவர்கள் நிறைய.

அடி தட்டுவது குறையும். தரை இடைவெளி 200 மில்லிமீட்டரிலிருந்து 226 ஆகியிருக்கிறது. ஓடையில் இறங்கக்கூடிய ஆழம் 500-லிருந்து 650. பின்னால் லீஃப் ஸ்பிரிங் போய் காயில் வந்திருப்பதால் சக்கரம் பள்ளத்தைத் தேடிப் பிடிக்கும். ஆனாலும் கல்பாதையில் ஆளைப் பக்கவாட்டில் தூக்கிப் போடும் குணம் முழுசாகப் போய்விடவில்லை.

இடிக்கப் போவது அகலம்தான். 1,726 மில்லிமீட்டர் இருந்தது 1,820 ஆகிவிட்டது, கிட்டத்தட்ட ஐந்து விரல்கடை. தோட்டத்துக்குள் இரண்டு பாறைக்கு நடுவில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகிற இடம் இருந்தால், டேப் வைத்து அளந்துவிட்டே வாருங்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்புகிறதா, ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், பின் இருக்கை. பழையதில் எதிரெதிர் பெஞ்சில் நான்கு பேர், நடுவில் இரண்டு மூட்டை என்று போயிருப்பீர்கள். புதியதில் முன் நோக்கிய இரண்டு இருக்கைதான். ஏறுவதற்கும் முன்சீட்டை மடக்கிக்கொண்டு நுழைய வேண்டும். உரமும் ஆட்களும் ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் பழையதை விற்காதீர்கள். நீங்கள் மட்டும் ஓட்டிப் போய் கணக்குப் பார்த்து வருவதென்றால் தாராளமாக மாறலாம்.

டெஸ்ட் டிரைவில் தெரியாத ஒன்றும் உண்டு. பிஎஸ்-6 புகை விதிப்படி வரும் புதிய டீசல் எஞ்சினில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. எந்நேரமும் முதல் கியர், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தால் அது அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கு எரியும். அவ்வப்போது தேனி, பெரியகுளம் என்று நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து சுத்தமாகிவிடும். உங்கள் பழைய எஞ்சினுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

மாறுவது என்று முடிவானால், ஷோரூம் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் விலையை உடனே ஏற்க வேண்டாம். கம்பம், குமுளி பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுங்கள். 2028-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருப்பதைச் சொல்லி வாங்குகிறவர்களும் பேரம் பேசுவார்கள்.